குளிர் காந்தங்களும் அவற்றின் காவலும்

சூடேறி அழியும் நிலையிலுள்ள பொருளொன்றைக் காப்பாற்ற விரும்புவோர் அதனைக் குளிரச் செய்வதே உலக வழக்கு. ஆனால் சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான எல்லையில், ஜெனீவா நகரின் அயலிலே, நிலத்துக்குக் கீழே ஏறக்குறைய 100 மீற்றர் ஆழத்தில் அமைந்துள்ள சுரங்கமொன்றில் இவ்வழக்குக்கு நேர்மாறான முறையொன்று கையாளப்பட்டு வந்துள்ளது. அங்குள்ள காந்தமொன்றின் ஏதோ ஒரு மூலையில் வெப்பம் தலைகாட்டினால், அதனைக் காக்கும் கருவிகள் செய்யும் முதல் வேலை அக்காந்தத்தை நெடுகிலும் வேண்டுமென்றே சூடாக்குவதாகும். முள்ளை முள்ளால் எடுக்கும் இம்முறை எதனால் வேண்டப்பட்டது, அது எங்ஙனம் நடைபெறுகின்றது, காவல் இருந்தும் ஒருமுறை பேரிழப்பு நேர்ந்தது எவ்வாறு என்பன அறியத்தக்கவை.

மின்னோட்டம் செல்லும் எந்தக் கம்பியும் சிறிதேனும் சூடாகும். கம்பியின் தடையே அதற்குக் காரணம். 1911ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்திலே, பேராசிரியர் கமர்லிங் ஒன்னசு என்பாரின் ஆய்வுகூடத்தில், இரசத்தைத் திரவ ஈலியத்தினாற் குளிர்வித்து அதன் தடையை அளந்தனர். தனிப்பூச்சியத்துக்கு மேல் ஏறக்குறைய 4 பாகையில் அத்தடை மறைந்தது. சிறுகச் சிறுகத் தேய்ந்து மறையவில்லை. விளக்கை ஊதி அணைத்தாற்போலச் சட்டென்று இல்லாமற் போயிற்று. இந்நிலைக்கே மீக்கடத்தல் என்று பெயர். தடையற்ற கம்பியைச் சுருளாகச் சுற்றினால், சூடேறாத பெருங்காந்தம் ஒன்றை ஆக்கிவிடலாமே என்று ஒன்னசு எண்ணினார். எண்ணம் நன்று, இயற்கை அதற்கு இடங்கொடுக்கவில்லை. சிறிய காந்தப்புலமே மீக்கடத்தலைக் குலைத்துவிடுவதை அவரே கண்டார். தான் உண்டாக்கும் புலத்தினாலேயே தன் ஆற்றலை இழந்துவிடும் காந்தத்தினால் ஆவதென்ன?

அதன் பின்னர் அரை நூற்றாண்டு கழிந்தது. நையோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த கூட்டுப்பொருளொன்று 8 தெசுலாவுக்கு மேற்பட்ட புலத்திலும் மீக்கடத்தலை இழவாது பெருமின்னோட்டத்தைக் கடத்தும் என்பது 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்டது. நொறுங்கும் இயல்புடைய அப்பொருளைவிட எளிதிற் கம்பியாக இழுக்கக்கூடிய நையோபிய-தைற்றேனியக் கலப்புலோகமும் அக்காலத்தை அடுத்துக் கைக்கு வந்தது. 1983ஆம் ஆண்டில் சிக்காகோவுக்கு அருகிலுள்ள பேர்மி ஆய்வுகூடத்தில் இத்தகைய காந்தங்களைக் கொண்ட வட்டமான ஆர்முடுக்கி இயங்கத் தொடங்கியது. அதனின் மிகப் பெரியதே, சேர்ண் எனச் சுருக்கமாக வழங்கும் ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்தினர் ஜெனீவாவுக்கு அருகில் அமைத்த மாபெரும் ஹாட்ரன் மோதுபொறி.

இதன் சுற்றளவு ஏறக்குறைய 27 கிலோமீற்றர். அணுக்கருவின் கூறான புரோத்தன்கள் ஒளியின் வேகத்தை அண்மித்த வேகத்தில், எதிரெதிர்த் திசைகளில், செக்கனுக்கு 11,000 தடவைக்கு மேல் இதனைச் சுற்றி வந்து ஒன்றோடொன்று மோதுமாறு இது அமைக்கப்பட்டது. விரையும் துணிக்கை நேராகச் செல்லும் இயல்பினது. அதனை வட்டத்தில் வளைத்துச் செலுத்துவதற்குக் காந்தம் வேண்டும். துணிக்கையின் சக்தி கூடக்கூட அதனை வளைப்பது அரிதாகும். இரும்பு அகணியும் செம்புக் கம்பியும் கொண்ட வழக்கமான காந்தங்கள் 2 தெசுலா அளவோடு நின்றுவிடும். அவற்றை மட்டும் நம்பியிருந்தால் சுரங்கம் நான்கு மடங்கு நீண்டதாக வேண்டியிருக்கும். ஆகவே, முழுச் சக்தியில் 8.33 தெசுலாப் புலத்தைத் தரும் 1,232 மீக்கடத்து வளைகாந்தங்கள் சுரங்கத்தைச் சுற்றி வரிசையாக வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 15 மீற்றர் நீளமும் ஏறக்குறைய 35 தொன் நிறையும் உடையது. அதற்குரிய மின்னோட்டம் 11,850 அம்பியர். இத்தனைக்கும் மின்கம்பி ஒரு விரலின் அகலத்தை மிஞ்சாத தட்டையான வடமே.

அவ்வடம் மீக்கடத்தும் நிலையில் இருக்கும் வரையில் மின்னோட்டம் வெப்பத்தை உண்டாக்காது. அந்நிலை நீடிக்க வெப்பநிலை, காந்தப்புலம், மின்னோட்டம் ஆகிய மூன்றும் தத்தம் எல்லைக்குள் நிற்றல் வேண்டும்; ஒன்று உயர்ந்தால் மற்றவற்றுக்குரிய எல்லை சுருங்கும். புலமும் மின்னோட்டமும் உச்சத்தில் இருக்கவேண்டிய காந்தத்துக்கு வெப்பநிலையில் விட்டுக்கொடுக்க இடமில்லை. எனவே காந்தங்கள் தனிப்பூச்சியத்துக்கு மேல் 1.9 பாகையிலுள்ள திரவ ஈலியத்தில் அமிழ்ந்திருக்கின்றன. நட்சத்திரங்களுக்கிடையே உள்ள வெறுவெளிகூட இதைவிடச் சற்று வெப்பமானது. அந்நிலையிலும் எல்லைக்கும் காந்தத்துக்கும் இடையே ஒன்றிரண்டு பாகை இடைவெளியே எஞ்சுகின்றது.

இந்தச் சிறு இடைவெளியைத் தாண்டுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும்? இங்குதான் குளிரே பகையாகின்றது. மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் உலோகங்களின் வெப்பக்கொள்ளளவு ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்துவிடும். சாதாரண அறையில் ஒரு செப்புத் துண்டின் வெப்பநிலையைக் கண்டறியவியலாத அளவு மாற்றும் ஒரு சிறு வெப்பம், 2 பாகையில் அதனைப் பல பாகைகள் உயர்த்திவிடும். காந்தத்தின் உட்புறத்திலோ புலமானது கம்பிகளை வெளிநோக்கித் தள்ளும் விசை, காந்தத்தின் நீளத்தில் மீற்றருக்கு நூற்றுக்கு மேற்பட்ட தொன் எடைக்கு நிகரானது. அவ்விசையின் கீழ்க் கம்பியொன்று மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கு வழுக்கினாலும், உராய்வினாற் பிறக்கும் வெப்பம் அவ்விடத்தை எல்லைக்கு அப்பால் தள்ளப் போதும். பாதை தவறிய சில புரோத்தன்கள் வந்து மோதினாலும் அதுவே நிகழும்.

எல்லை தாண்டிய இடத்தில் தடை மீண்டும் தோன்றும். தடையுள்ள இடத்தில் மின்னோட்டம் வெப்பத்தை உண்டாக்கும். அவ்வெப்பம் அயலிலுள்ள கம்பியையும் எல்லை தாண்டச் செய்யும். இங்ஙனம் மீக்கடத்தல் குலைந்து பரவும் நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் 'குவெஞ்ச்' என்று பெயர். தீயையோ தாகத்தையோ தணித்தல் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். தணிவதோ மீக்கடத்தல்; மூள்வதோ தீ. பெயரிட்டவர்கள் காந்தத்தின் பக்கம் நின்று பார்த்தார்கள் போலும். தமிழில் இதனைக் குலைவு என்றே சொல்லலாம்.

குலைவு நேர்ந்தவுடன் 11,850 அம்பியரும் செல்ல வேறு வழி வேண்டும். அதற்காகவே நையோபிய-தைற்றேனியம் தனியே விடப்படாமல், தலைமயிரை விட மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகளாகச் செம்பினுள் பொதிந்து வைக்கப்பட்டுள்ளது. மீக்கடத்தல் இழந்த அக்கலப்புலோகம் மின்னைக் கடத்துவதில் மிகத் தாழ்ந்தது. சுற்றியுள்ள செம்பே அப்போது மின்னோட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆயினும் அச்செம்பு தாங்கவேண்டியது சதுர மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 900 அம்பியர். வீடுகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் செம்புக் கம்பியில் அவ்வளவு பரப்புக்குப் பத்து அம்பியர் அளவே விடப்படுவதுண்டு. ஆகவே செம்பும் நெடுநேரம் தாங்காது. முழு மின்னோட்டமும் ஒரே இடத்தில் ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு நேரம் நின்றால், 1.9 பாகையில் இருந்த செம்பு அறை வெப்பநிலையளவுக்கு வந்துவிடும். வெப்பம் கூடக்கூடத் தடையும் கூடும். தடை கூடக்கூட வெப்பமும் விரைந்து கூடும். அடுத்த சிறு பொழுதில் காப்புறை கருகும். பின்னர் செம்பே உருகும்.

மின்னோட்டத்தை உடனே நிறுத்திவிட்டால் ஆகாதோ என்று கேட்கத் தோன்றும். காந்தச் சுருளிற் செல்லும் மின்னோட்டத்தை நினைத்தவுடன் நிறுத்துதல் இயலாது. பாரவண்டிக்குச் சடத்துவம் இருப்பதுபோலச் சுருளுக்குத் தன்தூண்டல் உண்டு. ஒரு வளைகாந்தத்தின் புலத்திற் சேமிக்கப்பட்டிருக்கும் சக்தி ஏறக்குறைய 70 இலட்சம் யூல். அக்காந்தத்தையே 20 மீற்றர் உயரத்துக்குத் தூக்குவதற்கு வேண்டிய சக்திக்கு இது சமம். மின்னோட்டம் நிற்கவேண்டுமாயின் இச்சக்தி எங்கேனும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வெப்பமாக மாறுவதே அதற்குள்ள இலகுவான வழி.

இதிலிருந்தே காவலின் மூலக்கருத்துப் பிறக்கின்றது. 70 இலட்சம் யூலும் குலைவு தொடங்கிய அவ்விடத்திலேயே இறங்கினால், ஒன்பது பத்துக் கிலோகிராம் செம்பு உருகியோடும். அதே 70 இலட்சம் யூலும், காந்தத்திற் சுற்றப்பட்டுள்ள ஏறக்குறைய ஒரு தொன் வடம் முழுவதிலும் ஒப்பப் பரவினால், அவ்வடம் நீர் உறையும் வெப்பநிலையைக்கூட எட்டாது. அதற்கு வெகு கீழேயே நின்றுவிடும். வெப்பத்தின் அளவில் எவ்வித மாற்றமுமில்லை. ஒரு குடும்பம் சுமக்கவியலாத கடனை ஊர் முழுதும் பகிர்ந்துகொள்வது போன்றது இது. ஆனால் குலைவு தானாகப் பரவட்டும் என்று விட்டுவிட இயலாது. வடத்தின் நீளத்தில் அது விரைந்தோடும். ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குத் தாவுவதற்கோ இடையிலுள்ள காப்புறை தடையாய் நிற்கும். இயற்கையின் இத்தாமதத்தை மனிதன் ஈடுசெய்ய வேண்டியிருக்கின்றது.

முதலாவது வேலை குலைவைக் கண்டறிதல். தடை தோன்றிய இடத்தில் அழுத்தவேறுபாடும் தோன்றும், 0.1 உவோற்று தோன்றி, ஒரு செக்கனின் நூறிலொரு பங்கு நேரம் நீடித்தால் குலைவு என்று கருவி முடிவு செய்யும். கேட்பதற்கு இது எளிது. ஆனால் காந்தத்தின் மின்னோட்டத்தைச் செக்கனுக்கு 10 அம்பியர் வீதம் உயர்த்தும்போது, தன்தூண்டலினால் மட்டும் ஏறக்குறைய 1 உவோற்று தோன்றுகின்றது. பத்து மடங்கு பெரிதான இவ்வோசையின் நடுவே அந்த மெல்லிய முனகலைக் கேட்பது எங்ஙனம்? அதற்கான உபாயம் அழகானது. காந்தச் சுருளின் இரு பாதிகளும் ஒரே மாதிரியானவை. மின்னோட்டம் மாறும்போது இரண்டிலும் தோன்றும் அழுத்தம் ஒன்றே. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மீதி பூச்சியம். ஒரு பாதியில் மட்டும் தடை பிறந்தால் மீதி பூச்சியமாகாது. தராசின் இரு தட்டுக்களிலும் ஒரே பாரத்தை ஏற்றிய பின் ஒரு தட்டில் விழும் கடுகைக் காண்பது போன்ற முறை இது. நூறிலொரு பங்கு செக்கன் பொறுத்திருப்பதும் வீணான தாமதமன்று. எங்கிருந்தோ வந்த மின்னதிர்ச்சியைக் குலைவு என்று மயங்கிக் காந்தத்தைச் சூடாக்கிவிட்டால், அதனை மீண்டும் குளிர்விக்க மணிக்கணக்கில் ஆகும்.

கண்டறிந்ததும் காந்தம் சூடாக்கப்படும். மின்சுருளின் வெளிப்புறத்தில், மெல்லிய காப்புத்தாளுக்கு இடையே, துருவுறா உருக்கினாலான நாடாக்கள் நெடுக ஒட்டப்பட்டுள்ளன. சுரங்கத்தில் ஒவ்வொரு வளைகாந்தத்தின் கீழும், 900 உவோற்றுக்கு ஏற்றப்பட்ட மின்கொள்ளளவிகள் எந்நேரமும் ஆயத்தமாக உள்ளன. கட்டளை பிறந்தவுடன் அவை தம் மின்னேற்றத்தை நாடாக்களிற் கொட்டும். நாடா சூடாகி, காப்புத்தாளைக் கடந்து, சுருளின் பெரும்பகுதியைச் செக்கனின் நூறிற் சில பங்குக்குள் குலையச் செய்யும். இப்போது சுருள் நெடுகிலும் தடை தோன்றிவிட்டது. மின்னோட்டம் ஒரு செக்கனுக்குள் தணிந்துவிடும். முதலிற் சூடேறிய இடமும் ஏறக்குறைய அறை வெப்பநிலையளவில் நின்றுவிடும். கொள்ளளவியைத் தேர்ந்தமையிலும் பொருளுண்டு: ஊரில் மின்சாரம் நின்றுபோனாலும் கொள்ளளவியில் ஏற்றி வைத்தது நிற்கும்.

இம்முறையிலும் ஒரு குறை இல்லாமலில்லை. வெப்பம் காப்புத்தாளைக் கடக்கவேண்டும். காப்பைத் தடிப்பாக்கினால் வெப்பம் தாமதிக்கும், மெல்லியதாக்கினால் மின் கசியும். இக்குறையை நீக்கச் சேர்ண் நிலையத்தில் வகுக்கப்பட்ட புதிய முறையொன்றில், கொள்ளளவியின் மின்னேற்றம் சுருளின் நடுவிலேயே செலுத்தப்படுகின்றது. அதனால் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக அலைய, மாறும் புலத்தினாற் கம்பியின் உள்ளேயே வெப்பம் பிறக்கின்றது. வெளியிலிருந்து ஊட்டவேண்டிய தேவை இல்லை. மேலும் வலிய புலம் தரும் நையோபிய-வெள்ளீயக் காந்தங்களுக்கு இது தெரிவு செய்யப்பட்டது.

ஒரு காந்தம் தனித்திருந்தால் காவல் இவ்வளவோடு முடிந்திருக்கும். மோதுபொறியிலோ அவை தனித்திருக்கவில்லை. வட்டம் எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் 154 வளைகாந்தங்கள் ஒரே மின்சுற்றிலே தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஒன்று குலைந்தாலும் மற்ற 153 காந்தங்களின் சக்தியும் மின்னோட்டத்தை அதனூடாகவே தள்ளும். அப்பகுதி முழுவதன் சக்தி ஏறக்குறைய 110 கோடி யூல். பெரிதாகத் தோன்றும் இத்தொகையை மின்சாரக் கணக்கிற் பார்த்தால் 300 அலகுகளே. ஒரு வீட்டார் சில மாதங்களிற் செலவிடும் மின்சாரம். அளவினால் இது அஞ்சத்தக்கதன்று. குளத்து நீர் மதகின் வழியே வயலுக்குப் பாய்வதும் கட்டை உடைத்துக்கொண்டு ஊருக்குள் பாய்வதும் ஒரே நீர்தான். வேறுபாடு அது பாயும் நேரத்தில் உள்ளது.

இதற்கென்று ஒவ்வொரு காந்தத்தோடும் ஓர் இருவாயி பக்கவழியாக இணைக்கப்பட்டுள்ளது. குளத்துக்கு வான் வைப்பது போன்ற ஏற்பாடு இது. நீர் மட்டம் தாழ்ந்திருக்கும்போது வானில் ஒரு துளியும் வழிவதில்லை. மட்டம் உயர்ந்தால் வான் பாயும். காந்தம் நன்னிலையில் உள்ளபோது அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள அழுத்தம் இருவாயியைத் திறக்கப் போதாது. குலைவு பரவி அழுத்தம் சில உவோற்றுக்களைத் தாண்டியதும் இருவாயி திறந்துகொள்ளும். மற்றக் காந்தங்களின் மின்னோட்டம் குலைந்த காந்தத்தை விலக்கி அதன் வழியே செல்லும். இருவாயியும் ஈலியத்திலேயே அமிழ்ந்திருக்கின்றது. தாங்கும் வெப்பத்தை ஏற்பதற்காகக் கனத்த செப்புக் கட்டிகளின் நடுவே அது பொருத்தப்பட்டுள்ளது. கட்டளைக்குக் காத்திராமல், எந்த மனிதனும் கருவியும் தூண்டாமல் தானே திறந்துகொள்வதே அதன் சிறப்பு.

இதே வேளையில் பகுதியின் மின்வழங்கி நிறுத்தப்பட்டு, பெரும் ஆளிகள் திறந்து, மின்னோட்டம் பெரிய உருக்குத் தடையிகளின் வழியே திருப்பப்படும். 110 கோடி யூலும் அங்கே வெப்பமாகி ஒழியும். இது உடனே நடந்துவிடாது. மின்னோட்டம் மூன்றிலொரு பங்களவுக்குக் குறைய ஏறக்குறைய 100 செக்கன் செல்லும். விரைவுபடுத்தினால் அழுத்தம் அளவு மீறி உயரும். நன்னிலையிலுள்ள காந்தங்களும் குலையத் தொடங்கும். புரோத்தன் கற்றைகளும் சுழன்றுகொண்டிருக்க விடப்படுவதில்லை. கட்டளை கிடைத்த சில சுற்றுக்களுக்குள் அவை பக்கச் சுரங்கமொன்றின் கோடியிலுள்ள காரீயக் கட்டையிற் போய்ப் புதைக்கப்படும். ஆவியாகி விரியும் ஈலியத்துக்கு வழிவிடுவதற்குத் தனி வால்வுகள் உண்டு.

இவ்வாறு காந்தங்களுக்குக் குறைவற்ற காவல் இருந்தது. ஆனால் காந்தத்துக்கும் காந்தத்துக்கும் இடையே மின்னைக் கொண்டுசெல்லும் தண்டுகளும் இருந்தன. அவை மீக்கடத்து வடத்தைச் செம்பினுட் பொதிந்து ஆக்கப்பட்டவை. ஒன்றின் முனையும் அடுத்ததன் முனையும் வெள்ளீயமும் வெள்ளியும் கலந்த பற்றாசினால் ஒட்டப்பட்டன. இத்தகைய மூட்டுக்கள் சுரங்கம் முழுவதும் 10,000க்கு மேற்பட்டவை. அவற்றின்மீதும் ஒரு கண் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் 1 உவோற்று அளவுக்குக் குறைந்தவற்றை அக்கண் காணாது.

2008ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆந் திகதி மோதுபொறியில் முதன்முதலாகக் கற்றைகள் சுற்றிவந்தன. உலகெங்கும் அது கொண்டாடப்பட்டது. ஒன்பதாம் நாள், 19ஆந் திகதி, எஞ்சியிருந்த ஒரு பகுதியின் மின்னோட்டத்தைக் கற்றையில்லாமலே உயர்த்திச் சோதித்துக்கொண்டிருந்தனர். 8,700 அம்பியரை எட்டியபோது ஒரு மூட்டுக் கைவிட்டது. நன்றாக ஒட்டிய மூட்டுக்கு இருக்கக்கூடிய தடை, ஓமின் நூறு கோடியிலொரு பங்கிலும் குறைவு. இம்மூட்டின் தடை அதனைப்போல ஏறக்குறைய 600 மடங்காயிருந்தது என்று பின்னர் கணித்தனர். அத்தனை மடங்காயினும் அதில் தோன்றிய அழுத்தம் ஓர் உவோற்றின் ஆயிரத்தில் இரண்டு பங்கே. காவற் கருவி எதிர்பார்த்திருந்த 1 உவோற்றுக்கு இது எம்மட்டு! கருவி விழித்தபோது மூட்டு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு செக்கனுக்குள் மூட்டு உருகி அறுந்தது. அறுந்த இடத்தில் மின்னோட்டம் நின்றுவிடவில்லை. அப்பகுதியின் காந்தங்களிற் சேர்ந்திருந்த ஏறக்குறைய 60 கோடி யூல் அதனை உந்தியது. இடைவெளியை மின்வில் தாண்டியது. அம்மின்வில் ஈலியக் கலத்தைத் துளைத்தது. திரவ ஈலியம் சுற்றியிருந்த வெற்றிடத்துள் பாய்ந்து நொடியில் வாயுவாக விரிந்தது. இத்தனை வாயு ஒருங்கே வெளிவரும் என்று கணித்து அமைக்கப்படாத அமுக்கக் கதவுகள் அதனை வெளிவிடப் போதவில்லை. 35 தொன் காந்தங்கள் கொங்கிறீற்றுத் தளத்திற் பதித்த பிடிகளைப் பெயர்த்துக்கொண்டு இடம்பெயர்ந்தன. சில அரை மீற்றர் வரையில் நகர்ந்தன. கற்றை செல்லும் தூய குழாய்கள் நெடுந்தூரம் கரியும் காப்புத்தூளும் படிந்து கிடந்தன. மொத்தத்தில் ஏறக்குறைய 6 தொன் ஈலியம் இழக்கப்பட்டது. சோதனை வேளையில் சுரங்கத்துள் எவரும் அனுமதிக்கப்படாமையால் உயிருக்குச் சேதமில்லை.

இங்கே வருத்தத்தோடு குறிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. விபத்துக்குப் பின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, சில நாட்களுக்கு முன்னர் 7,000 அம்பியரில் நடந்த சோதனையின்போதே அவ்விடத்து ஈலியத்தின் வெப்பநிலை ஒரு பாகையின் நூறிற் சில பங்கு உயர்ந்திருந்தமை தெரியவந்தது. கணக்கிட்டால் அங்கே ஏறக்குறைய 10 உவாற்று வெப்பம் பிறந்திருந்தது. மங்கலான சிறு மின்குமிழொன்றின் அளவு. மூட்டு முன்னரே முனகியிருக்கின்றது. அம்முனகல் பதிவேட்டிலும் ஏறியிருக்கின்றது. அதனைக் கேட்பதற்கென ஒருவரும் அமர்த்தப்பட்டிருக்கவில்லை. ஏனெனில் அபாயம் காந்தத்தின் உள்ளிருந்தே வரும் என்று எல்லாருடைய கவனமும் அங்கே குவிந்திருந்தது.

சேதமுற்ற பகுதியிலிருந்து 53 காந்தங்கள் தரைக்குக் கொண்டுவரப்பட்டுச் செப்பஞ்செய்யப்பட்டன அல்லது மாற்றப்பட்டன. தளப் பிடிகள் வலுப்படுத்தப்பட்டன. அமுக்கக் கதவுகள் பெருப்பிக்கப்பட்டன. மூட்டுக்களுக்கெனப் புதிய காவல் அமைப்பொன்று நிறுவப்பட்டது. முன்னர் 1 உவோற்றை எதிர்பார்த்திருந்த இடத்தில், அது உவோற்றின் பதினாயிரத்தில் மூன்று பங்கைக் காணவல்லது. 2009 நவம்பர் 20ஆந் திகதி கற்றைகள் மீண்டும் சுற்றின. எனினும் மூட்டுக்களிற் பலவற்றின் செம்பு இடையீடின்றித் தொடர்கின்றதா என்ற ஐயம் நீங்கவில்லை. அருகிலுள்ள காந்தம் குலைந்து வெப்பம் மூட்டுக்கு எட்டினால், அந்நூறு செக்கனும் மின்னோட்டத்தைத் தாங்கவேண்டியது அச்செம்பே. ஆகவே பல ஆண்டுகள் பொறி முழுச் சக்தியின் ஏறத்தாழப் பாதியிலேயே இயக்கப்பட்டது. 2012 யூலை 4ஆந் திகதி அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துணிக்கையின் கண்டுபிடிப்பு இந்தப் பாதிச் சக்தியிற் கிடைத்ததே. 2013ஆம் ஆண்டில் பொறி நிறுத்தப்பட்டு, 10,000க்கு மேற்பட்ட மூட்டுக்கள் ஒவ்வொன்றும் திறந்து பார்க்கப்பட்டன. குறையுடையன மீண்டும் பற்றாசிடப்பட்டு, பற்றாசு கைவிட்டாலும் மின்னோட்டம் செல்லும் வண்ணம் செப்புத் தகடுகள் குறுக்கே பொருத்தப்பட்டன.

அப்பணி முடிந்து 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பொறியை மீண்டும் இயக்க முற்பட்ட வேளையில் வேறொரு தடங்கல் நேர்ந்தது. 2008இல் உடைந்த அதே பகுதியில், ஒரு காந்தத்தின் இருவாயி வைத்த பெட்டியுள் சிறு உலோகத் துணுக்கொன்று புகுந்து, மின்சுற்றை நிலத்தோடு தொடுத்துவிட்டது. காந்தங்கள் குளிர்ந்திருந்தன. பெட்டியைத் திறப்பதாயின் அப்பகுதியைச் சூடாக்கி மறுபடி குளிர்விக்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் செல்லும். பொறியியலாளர் வேறு வழி தேடினர். கொள்ளளவி ஒன்றை ஏற்றி, செக்கனின் ஆயிரத்திற் சில பங்கு நேரத்துக்கு ஏறக்குறைய 400 அம்பியர் மின்னோட்டத்தை அத்துணுக்கின் வழியே விட்டனர். மின்னுருகி உருகுவது போல அத்துணுக்கு உருகி விலகிற்று. ஏப்பிரல் 5ஆந் திகதி இரு கற்றைகளும் சுரங்கத்தைச் சுற்றிவந்தன.